வடிவம் விளிம்பில் தொடங்குகிறது: சித்திரம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவருக்கு

மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அண்மையில் சித்திரபாட ஆசிரியையாகப் பொறுப்பேற்ற நீங்கள் கேட்டிருப்பது இது: கோட்டையும் நிறத்தையும் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள், வடிவம் என்று வரும்போது மட்டும் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிப்பெழுதிக் கொடுப்பதோடு பாடம் நின்றுவிடுகிறது, அதைத் தனிக் கூறாகப் படிப்பிக்க வேண்டிய தேவை என்ன, எப்படி விளங்கவைப்பது?

குறிப்பெழுதிக் கொடுப்பது பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வட்டமும் சதுரமும் முக்கோணமும் வடிவங்களுள் பெயர் பெற்ற சில மட்டுமே. பெயரில்லாத வடிவங்களே உலகத்தில் மிகுதி. ஒரு படம் நன்றாக அமைவதும் அமையாமற் போவதும் பெரும்பாலும் அவற்றாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. பாலைமரத்தின் கிளைகளுக்கு இடையில் தெரியும் வானத் துண்டுக்கு என்ன பெயர்? கதிரையின் கால்களுக்கு நடுவே தெரியும் நிலத்துக்கு என்ன பெயர்? பெயர் இல்லாததால் பிள்ளை அதைப் பார்ப்பதில்லை; பார்க்காததால் வரைவதுமில்லை. ஆகவே பெயர்ப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு விளிம்பிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்பதே என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு தளத்தின் மேல், சுற்றியுள்ள பகுதியிலிருந்து ஏதோ ஒரு வகையில் வேறுபட்டுத் தனித்துத் தெரியும் பரப்பை வடிவம் என்கிறோம். அந்த வேறுபாட்டைக் கோடு உண்டாக்கலாம். நிறமோ, ஒளிநிழலோ, மேற்பரப்பின் இழையமைப்போ உண்டாக்கலாம். வெள்ளைச் சுவரில் ஈரம் ஊறிய இடம் ஒரு கோடும் இல்லாமலேயே வடிவமாகிவிடுகிறது. வடிவத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, தடிப்பு இல்லை. தடிப்பும் சேர்ந்தால் அது திண்மம். தளவுரு, திண்மம் என்ற பிரிவைப் பிள்ளைகள் கணித பாடத்தில் ஏற்கெனவே படித்திருப்பதால் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒரு செங்கல்லை வெயிலில் பிடித்து அதன் நிழலைத் தரையில் காட்டினால் போதும்: கல் திண்மம், நிழல் வடிவம். கல்லைத் திருப்பத் திருப்ப நிழல் மாறுவதையும் அவர்கள் காண்பார்கள். ஒரு திண்மம் பார்க்கும் பக்கத்துக்கேற்ப எண்ணற்ற வடிவங்களாகத் தெரியும் என்பது வரைகிறவருக்கு மிக வேண்டிய அறிவு, அது இந்தச் சிறு செயலிலேயே கிடைத்துவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெறுந்தாளின் நடுவில் ஒரு பனைமரத்தை வரையுங்கள். நீங்கள் எத்தனை வடிவங்களை வரைந்திருக்கிறீர்கள் என்று கேட்டால், வகுப்பு முழுவதும் ஒன்று என்று சொல்லும். உண்மையில் தாளின் செவ்வகம் முதலாவது வடிவம். அதனுள் பனை நின்றதும், அதன் இடப்பக்கத்தில் ஒரு வானமும் வலப்பக்கத்தில் இன்னொரு வானமும் உண்டாகிவிட்டன. பனையின் விளிம்பாக இருக்கும் அதே கோடுதான் வானத்துக்கும் விளிம்பு. அந்தக் கோட்டை நீங்கள் சிறிது அசைத்தால் மரம் மெலிகிறது, வானம் பருக்கிறது. எந்த வடிவத்தையும் தனியாக வரைய முடியாது. ஒன்றை வரையும் கை அதே அசைவில் மற்றொன்றையும் வரைந்துகொண்டிருக்கிறது.

இது தெரிந்தும் நம் கண் பனையை மட்டும் பார்ப்பது ஏன் என்ற கேள்விக்கு டென்மார்க்கின் உளவியலாளர் எட்கார் ரூபின் 1915 இல் தெளிவான விடை தந்தார். குவளை ஒன்றாகவும், ஒன்றையொன்று நோக்கும் இரண்டு முகங்களாகவும் மாறிமாறித் தெரியும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் பல பாடநூல்களில் இருக்கிறது. அதை அவர் வேடிக்கைக்காக வரையவில்லை. இரண்டு பரப்புகள் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்ளும்போது, அந்த விளிம்பை மனம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரிமையாக்குகிறது. உரிமை பெற்ற பக்கம் உருவாக முன்னே வருகிறது, மற்றப் பக்கம் வடிவம் அற்ற பின்னணியாகி உருவுக்குப் பின்னாலும் தொடர்ந்து செல்வதாகத் தோன்றுகிறது என்பதே அவர் காட்டியது. குவளையையும் முகங்களையும் ஒரே கணத்தில் பார்க்க எவராலும் முடிவதில்லை. வாழ்க்கைக்கு இந்தப் பழக்கம் வேண்டும். காட்டுக்குள் யானையை இலைகளிலிருந்து பிரித்துப் பார்க்காத கண்ணால் பயன் இல்லை. சித்திரக்காரரோ இந்தப் பழக்கத்தை அறிந்து, தேவைப்படும்போது அதை மீறிப் பின்னணிக்கும் வடிவம் கொடுக்க வேண்டியவர்.

விளிம்பைத் தேடுவது மூளையின் அடிப்படைத் தொழில் என்பதும் நிறுவப்பட்ட செய்தி. டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1959 இல் வெளியிட்ட ஆய்வில், பூனையின் மூளையில் பார்வைக்குரிய பகுதியிலுள்ள நரம்புக்கலங்கள் குறிப்பிட்ட சாய்வில் அமைந்த கோடுகளுக்கும் விளிம்புகளுக்குமே வலுவாகத் துலங்குகின்றன என்று கண்டார்கள். பார்வை பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 1981 இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்னும் வியப்பான செய்தி, விளிம்பு இல்லாத இடத்திலும் மூளை அதை உண்டாக்கிக்கொள்கிறது என்பது. இத்தாலியரான கயெத்தானோ கனீசா 1955 இல் காட்டிய படத்தில், ஒரு துண்டு வெட்டப்பட்ட மூன்று கறுப்பு வட்டங்கள் உரிய இடங்களில் நிற்கும். அவற்றுக்கு நடுவே, வரையப்படாத ஒரு வெள்ளை முக்கோணம் தாளைவிடப் பளிச்சென்று தெரியும். இதைக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்து காட்டுவது கடினமன்று. வடிவத்தை முழுவதும் கோடிட்டு அடைக்க வேண்டியதில்லை, பார்ப்பவரே மீதியை முடித்துக்கொள்வார் என்பதைப் பிள்ளைகள் அப்போது நம்புவார்கள்.

இதிலிருந்து வரைதலுக்குக் கிடைக்கும் பயன் பெரியது. வகுப்பறைச் சுவரில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வையுங்கள். சைக்கிளை வரையச் சொன்னால், பிள்ளை தனக்குத் தெரிந்த சைக்கிளை வரையும்: இரண்டு முழு வட்டம், ஒரு கைபிடி, ஒரு இருக்கை. அதற்குப் பதிலாகச் சட்டங்களுக்கு இடையே தெரியும் சுவர்த் துண்டுகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். இருக்கைக்கும் பின்சில்லுக்கும் இடையிலுள்ள துண்டு, முன்சட்டத்தின் நடுவேயுள்ள துண்டு, சில்லுக்கும் நிலத்துக்கும் இடையிலான ஆப்பு வடிவத் துண்டு என்று ஒவ்வொன்றாக வரைந்து முடித்துத் தாளைத் தூரப் பிடித்தால், வரையாத சைக்கிள் சரியான அளவோடு அங்கே நிற்கும். காரணம் எளிது. சைக்கிளைப் பற்றி மனத்தில் ஒரு படம் முன்பே இருக்கிறது, அது கண்ணை மறைக்கிறது. சுவர்த் துண்டைப் பற்றி அப்படி எந்தப் படமும் இல்லாததால் பிள்ளை அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

கிணற்றை வரையும்போதும் இதே சிக்கல்தான். கிணற்றின் வாய் வட்டமானது என்பது அறிவு. பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது ஒடுங்கிய நீள்வளையமாகத் தெரிகிறது என்பது பார்வை. சிறிய பிள்ளைகள் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைவார்கள். அதைத் திருத்துவதற்கு அவசரப்படாதீர்கள். தட்டை ஒன்றை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்து, பிறகு மெல்லச் சரித்துக்கொண்டே போய், எந்த இடத்தில் வட்டம் நீள்வளையமாகிறது, எந்த இடத்தில் வெறுங்கோடாகிறது என்று அந்தப் பிள்ளையையே சொல்லச் செய்யுங்கள்.

எஞ்சிய வெளியை வடிவமாகப் பார்ப்பது மேலைநாட்டுப் பள்ளிகள் கண்டுபிடித்த உத்தியென்று எண்ணிவிடக் கூடாது. மனிதர் விட்டுச்சென்ற மிகப் பழைய சித்திரங்களுள் ஒரு வகை அப்படிப்பட்டதே. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகைச் சுவரில் கையை வைத்து, அதைச் சுற்றிச் செங்காவி நிறத்தை ஊதி, பிறகு கையை எடுத்திருக்கிறார்கள். நிறம் படாத இடம் கையாக நிற்கிறது. அந்தக் கைகளுள் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுப் பழமையுடையது என 2014 இல் வெளியான ஆய்வு கணித்தது. நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு நடராசர் திருவுருவம். பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் வெண்கல நடராசரை, அல்லது அதன் படத்தை, நேர் முன்னிருந்து பார்த்து, திருவாசி வளையத்துக்குள் வெண்கலம் இல்லாத இடங்களை மட்டும் தாளில் கறுப்பாக்கச் சொல்லுங்கள். தூக்கிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் இடையே ஒரு துண்டு, கைகளுக்கும் உடலுக்கும் இடையே சில, கைகளுக்கும் வளையத்துக்கும் இடையே சில என்று வரும். பருமனிலோ சாய்விலோ ஒன்று மற்றொன்றைப் போல இராது. ஆட்டத்தின் வேகம் அந்த வெளிகளில்தான் இருக்கிறது. அவற்றை நிரப்பிவிட்டால் அதே கை, அதே கால், அதே முகம் இருந்தும் சிலை அசையாது நின்றுவிடும். சோழர்காலச் சிற்பிகள் இதை எந்தச் சொல்லால் வழங்கினார்களோ, அவர்களுடைய கண் இதை அறிந்திருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வடிவங்களைக் கேத்திரகணித வடிவம், இயற்கை வடிவம் என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அளவுகோலாலும் கவராயத்தாலும் வரையக்கூடியவை முதல் வகை. இலை, கூழாங்கல், முகில் போன்றவற்றின் நெளிவுடையவை இரண்டாம் வகை. வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கக் குளத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாடசாலைக்கு அருகேயுள்ள வவுனிக்குளத்தையோ, முத்தையன்கட்டையோ, இரணைமடுவையோ கைத்தொலைபேசியின் செய்மதிப் படத்தில் பெரிதாக்கிக் காட்டுங்கள். ஒரு பக்கத்தில் குளக்கட்டு. மனிதர் மண்ணிட்டு உயர்த்தியது, ஒழுங்கான நீண்ட கோடாகச் செல்கிறது. அதற்கு எதிரே அலைகரை. தண்ணீர் நிலத்தின் ஏற்றத் தாழ்வைப் பின்பற்றி விரல் விரலாகக் காட்டுக்குள் புகுந்திருக்கிறது. ஒரே வடிவத்தின் ஒரு விளிம்பு மனிதர் வகுத்தது, மற்ற விளிம்பு நிலம் வகுத்தது. மாரியில் குளம் நிரம்பி வான் பாயும்போது எடுத்த படத்தையும் ஆவணியில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், கட்டு அசையாதிருக்க அலைகரை முழுவதும் இடம் மாறியிருப்பதைக் காணலாம். தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குக் கீழே வாய்க்காலும், வரம்புகளால் பகுக்கப்பட்ட வயல்களும் வந்துவிடும். தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டிய காரணத்தால் சரிவு குறைந்த நிலத்தில் வரம்புகள் நேராகவும், சரிந்த நிலத்தில் வளைந்தும் போகின்றன. வடிவம் அலங்காரத்துக்காக மட்டும் உண்டாவதன்று, ஒரு தேவையும் ஒரு தடையும் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை இங்கிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்.

தேவையும் தடையும் என்றேனே, அதற்கு வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு. பனையோலைக் கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைக்கத் தொடங்கும்போது சதுரத்தைத் தவிர வேறெதுவும் இயல்பாக வராது. மேலே எழும்பி விளிம்பு கட்டும்போது இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாகி வாய் வட்டமாகிவிடுகிறது. சாயமிட்ட ஓலையால் பெட்டியில் பூ இழைப்பவர்கள் வளைகோட்டைப் பெற முடியாது. படிப்படியாக ஏறி இறங்கும் கோடுகளும் சாய்சதுரங்களுமே கிடைக்கும். கணினித் திரையில் எழுத்துகளைச் சிறு கட்டங்களால் அமைப்பவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான் இருந்தது. சுளகு முன்பக்கம் விரிந்து பின்பக்கம் ஒடுங்கியிருப்பது புடைக்கும் கையின் வேலைக்காக. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி கூம்பாக இருப்பது பானையின் வாயில் இறுகி இருந்து ஆவி மேலேற வேண்டும் என்பதற்காக. பிள்ளைகளின் அம்மம்மாக்கள் பலருக்கு இழைக்கத் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைப்பது நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிடப் பயன் தரும்.

பருமன், இடம், சமநிலை ஆகியவற்றைப் பற்றி நூல்களில் நிறைய உண்டு. ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன். பத்துச் சதமமீற்றர் பக்கமுள்ள சதுரம், அதே உயரமுள்ள வட்டம், அதே உயரமும் அடியும் கொண்ட முக்கோணம் மூன்றையும் வரிசையாக வெட்டி ஒட்டினால், உயரம் சமமாக இருந்தும் வட்டமும் முக்கோணமும் சிறியனவாகத் தெரியும். சதுரத்தின் பரப்பளவு 100 என்றால் வட்டத்தினது 78.5, முக்கோணத்தினது 50. கண் உயரத்தோடு பரப்பையும் சேர்த்தே அளக்கிறது. அதனால்தான் அச்செழுத்து வடிவமைப்போர் வட்ட எழுத்துகளைக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் நீளவிட்டு அமைக்கிறார்கள்.

வடிவங்களுக்கு நிலையான பொருள் உண்டா என்பதில் நான் சற்றுக் கண்டிப்பான கருத்துடையவன். வட்டம் முழுமையைக் குறிக்கும், சதுரம் உறுதியைக் குறிக்கும், முக்கோணம் ஆற்றலைக் குறிக்கும் என்று பரீட்சை வழிகாட்டிகளில் அட்டவணை போட்டிருப்பார்கள். அதை அப்படியே மனனம் செய்விக்க வேண்டாம். ஜெர்மனியில் வைமார் நகரில் இயங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்த ஓவியர் கண்டின்ஸ்கி 1923 இல் ஒரு வினாக்கொத்தைச் சுற்றுக்கு விட்டு, முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் பொருத்தச் சொன்னார். முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பிற்காலத்தில் வேறு மக்களிடம் நடத்திய சோதனைகள் அது எல்லா மனிதருக்கும் பொதுவானது என்று காட்டவில்லை.

ஆனால் எல்லாம் பழக்கம் மட்டுமே என்று சொல்லிவிடவும் முடியாது. கூரிய முனைகள் கொண்ட ஒரு வடிவத்தையும் குமிழ் குமிழாக வளைந்த ஒரு வடிவத்தையும் காட்டி, இவற்றுள் எது கீக்கி, எது பூபா என்று கேட்டால், பெரும்பாலோர் கூரியதையே கீக்கி என்பார்கள். உளவியலாளர் வொல்ஃப்காங் கேலர் 1929 இல் வேறு சொற்களைக் கொண்டு தொடங்கிய இச்சோதனையை, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001 இல் மீண்டும் எடுத்துக்கொண்டு எழுதினார்கள். அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுவோரும் அதில் ஒரே விதமாக விடையளித்ததாகக் குறிப்பிட்டார்கள். ஓசைக்கும் விளிம்புக்கும் இடையில் ஏதோ ஓர் ஆழ்ந்த தொடர்பு இருக்கிறது. வகுப்பில் செய்து பாருங்கள். பிள்ளைகள் மிக விரும்புவார்கள், வளைவும் கூர்மையும் உணர்ச்சியைத் தொடுகின்றன என்பதையும் உணர்வார்கள்.

உணர்ச்சி ஒரு பக்கம் இருக்க, பொருளைப் பெரும்பாலும் வாழ்ந்த இடம்தான் தருகிறது. போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் ஏ-9 வீதி நெடுகிலும் உள்ளூர்ப் பாதைகளிலும் நின்ற கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைகளை இங்குள்ள எவரும் மறக்கமாட்டார்கள். அவற்றில் மூன்று மொழிகளிலும் எழுத்து இருந்தது. ஆனால் விறகுக்குப் போகும், மாடு தேடிப் போகும், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை நிறுத்தியது மண்டையோட்டின் வடிவம். நிறம் வெயிலில் மங்கிய பின்னும், பாதிப் பலகை பற்றைக்குள் மறைந்த பின்னும் அது தெரியவேண்டும். உயிரைக் காக்க வேண்டிய ஒரு வடிவத்திடம் எதிர்பார்க்கப்படுவது இதுவே: தூரத்தில் தெரிதல், அரைகுறையாகத் தெரிந்தாலும் பிறிதொன்றாகத் தோன்றாதிருத்தல், மொழியை நம்பியிராதிருத்தல். வடிவமைப்புப் பாடத்தில் இந்த மூன்றையும் நான் முதலில் வைப்பேன். வீதிக் குறியீடுகளில் நிறுத்தற் குறிக்கு எண்கோணமும், வழிவிடும் குறிக்குத் தலைகீழ் முக்கோணமும் தனித்து ஒதுக்கப்பட்டிருப்பதால், பலகையின் பின்புறத்தைப் பார்த்தே எதிரில் வருபவருக்கு என்ன கட்டளை இடப்பட்டிருக்கிறது என்று சாரதி அறிந்துகொள்ளலாம். இலங்கையில் சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931 இல் நடந்த முதல் தேர்தலில் வேட்பாளர்களுக்கு நிறங்கள் ஒதுக்கப்பட்டு, நிறம் பூசிய பெட்டிகளில் வாக்குகள் இடப்பட்டன. பின்னர் அந்த முறை மாறி, வாக்குச்சீட்டிலேயே சின்னங்கள் வந்தன. கறுப்பு மையில், விரல்நகம் அளவில் அச்சிட்டாலும் வீடு வீடாகவும் யானை யானையாகவும் தெரிகின்றன. வியன்னாவில் ஒட்டோ நொய்ராத்துடன் வேலைசெய்த ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ், புள்ளிவிவரங்களைப் பொதுமக்கள் பார்த்தே அறிய வேண்டுமென்று ஏறத்தாழ 4,000 குறியுருக்களை இதே நெறியில் அமைத்தார்.

உண்மைப் பொருளை ஒத்திருத்தல் வடிவத்துக்குக் கட்டாயமா என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். மஞ்சளிலோ சாணகத்திலோ பிடித்து அறுகம்புல் செருகிய பிள்ளையாரில் தும்பிக்கை இல்லை, வயிறு இல்லை. ஒரு சிறு கூம்புதான். குளக்கட்டில் மரத்தடியில் நட்ட சூலம் முழுத் தெய்வமாகிறது. நம் மக்கள் மிகச் சுருங்கிய வடிவத்தை நம்பிக்கையோடு ஏற்றுப் பழகியவர்கள். இதை நினைவூட்டினால், அப்படியே பார்த்து வரைந்ததே நல்ல சித்திரம் என்ற எண்ணம் கொஞ்சம் தளரும். கொழும்பு பொரளையில் கோதமி விகாரையின் சுவர்களில் இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939–40 இல் தீட்டிய சித்திரங்களில் தடித்த வெளிக்கோடு முகத்தையும் உடையையும் தட்டையான பரப்புகளாகப் பிரித்துக்கொண்டு செல்கிறது. ஒருவரின் தோள் முடியும் கோடு அடுத்தவரின் முகம் தொடங்கும் கோடாகிறது. அதன் அச்சுப்படி கிடைத்தால் வகுப்பில் காட்டுங்கள்.

நான் மிக விரும்பிக் கற்பிக்கும் பகுதி தமிழ் எழுத்து. ‘ட’வுக்கு வலப்பக்கத்தில் ஒரு நிலைக்கோட்டைச் சேர்த்தால் ‘ப’. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோட்டில் பார்ப்பதைவிட உள்ளே அடைபட்ட வெள்ளையில் பார்ப்பது எளிது: ‘ப’வில் மேற்பக்கம் மட்டும் திறந்த ஓர் அறை, ‘ட’வில் வலப்பக்கமும் திறந்த வெளி. பெயர்ப்பலகை எழுதுபவர் எழுத்துகளுக்கு இடையே அளவுகோலால் சம தூரம் விட்டால், ‘ட’வுக்கு அடுத்த எழுத்து விலகிப்போனதாகத் தெரியும், ஏனெனில் ‘ட’வின் திறந்த வெளியும் இடைவெளியோடு சேர்ந்துவிடுகிறது. கைதேர்ந்தவர்கள் அடுத்த எழுத்தைச் சற்று நெருக்கி, வெள்ளைப் பரப்புகளைக் கண்ணால் சமப்படுத்துவார்கள். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரு சுழி. எழுத்தைத் தடிப்பாக்க விரும்பித் தூரிகையைப் பருக்கவைத்தால் சுழிகள் மூடிக்கொள்கின்றன, இரண்டும் ஒரே கரும்பிண்டமாகின்றன. கோயில் திருவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ கட்டும் பதாகைகளில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தடித்த எழுத்து அமைக்கத் தெரிந்தவர் முதலில் சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளைப் புள்ளியைத் தீர்மானித்துவிட்டு, அதைச் சுற்றிக் கறுப்பை வளர்க்கிறார். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாளில் பெரிதாக எழுதி, எழுத்துகளை விட்டுவிட்டு உள்ளும் இடையிலும் உள்ள வெளிகளை மட்டும் நிறந்தீட்டட்டும். வடிவம் என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாமல் அதன் முழுப் பாடத்தையும் இதில் நடத்திவிடலாம்.

வகுப்பில் எந்த ஒழுங்கில் செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பென்சிலை எடுத்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோலில் தொடங்குவது நல்லது. மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1941 இல் பெரிய சத்திரசிகிச்சைக்கு உள்ளான பிறகு, நின்று தீட்ட முடியாமற் போன கடைசி ஆண்டுகளில் நிறம் பூசிய தாள்களைக் கத்தரித்தே பெரும் படைப்புகளை ஆக்கினார். 1953 இல் அவர் ஆக்கிய நத்தை ஏறத்தாழ மூன்று மீற்றர் சதுரம், வெட்டிய தாள்துண்டுகளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோல் பிள்ளையைத் தயங்கவிடாது. அழிறப்பரால் அழிக்கவும் முடியாது. வெட்டும்போது கையில் ஒரு துண்டும் மேசையில் ஒரு துளையும் கிடைக்கின்றன. துளையுள்ள தாளை எறிந்துவிடவேண்டாம், அதையும் இன்னொரு தாளில் ஒட்டச் சொல்லுங்கள். உருவும் பின்னணியும் ஒரே வெட்டில் பிறந்தவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அடுத்ததாக, ஜப்பானியர் நோட்டான் என்று வழங்கும் கறுப்பு வெள்ளை அமைப்புக்குப் போகலாம். கறுப்புத் தாளில் ஒரு சதுரத்தை வெட்டி வெள்ளைப் பிரிஸ்டல் போட்டின் நடுவில் வைத்து, சதுரத்தின் பக்கங்களிலிருந்து உள்நோக்கி வடிவங்களை வெட்டி, வெட்டிய ஒவ்வொன்றையும் அதே பக்கக் கோட்டில் வெளிப்புறமாகத் திருப்பி ஒட்டவேண்டும். உள்ளே வெள்ளையாகக் குறைந்தது வெளியே கறுப்பாக நிற்கும். கறுப்புத் தாள் கிடைக்காவிட்டால் பழைய பத்திரிகையைக் கரியால் தேய்த்துக்கொண்டால் போதும். சைக்கிள் பயிற்சி அதற்குப் பிறகு, எழுத்துப் பயிற்சி அதற்கும் பிறகு. வட்டம், சதுரம், முக்கோணம் என்ற குறிப்பைக் கடைசியில் எழுதிக் கொடுங்கள்; அப்போது பிள்ளைகளுக்கு அவை ஏற்கெனவே கையில் பிடித்த பொருள்களின் பெயர்களாக இருக்கும்.

மதிப்பிடும்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மரம், மாடு, மனிதர் என்ற பெயர்கள் விலகி, பரப்புகளின் பங்கீடு மட்டும் தெரியும். எல்லா வெளியும் ஒரே பருமனில் இருந்தால் படம் சோர்ந்து கிடக்கும். பொருளொன்று தாளின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் அங்கே ஒரு சிறு கூர்வெளி உண்டாகிக் கண்ணைத் தேவையில்லாமல் இழுக்கும். நடுவில் ஓர் உரு மட்டும் நின்று நாற்புறமும் வெறுமை சூழ்ந்திருந்தால், அந்தப் பிள்ளை தாளின் விளிம்பை இன்னும் ஒரு விளிம்பாக எண்ணவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, அட்டையில் வெட்டிய ஒரு சிறு செவ்வகச் சாளரத்தைக் கொடுத்து, அதன் வழியாக வெளி முற்றத்தைப் பார்க்கவும், பொருள்கள் சாளரத்தின் ஓரத்தில் எங்கெங்கே வெட்டுப்படுகின்றன என்று முதலில் அந்த இடங்களை மட்டும் தாளின் ஓரங்களில் குறிக்கவும் சொல்லுங்கள். குறித்த பிறகு உள்ளே நிரப்புவதை அந்தப் பிள்ளை தானாகவே செய்யும்.